உட்கார இடம்

டிக் கிரிகோரி அமெரிக்கக் கறுப்பர். மேடையில் தனியாளா நின்னு பேசியே சிரிக்க வைக்கிறது அவர் தொழிலா இருந்தது. 1961இல் சிகாகோவில் வெள்ளைக்கார வியாபாரிகள் முன்னால் நிறவெறியையே நக்கலடித்துப் பேர் வாங்கினார். ஜாக் பாரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது வரமாட்டேன்னுட்டார். அங்கே கறுப்புக் கலைஞன் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடணும். சோபாவில் உட்கார்ந்து பேச முடியாது. ஜாக் பாரே பேசிச் சம்மதித்த பிறகுதான் போனார், உட்கார்ந்தார்.

எங்க தாத்தா கூத்துல கட்டியக்காரன். ராஜாவையே கிண்டல் பண்ணுவார். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். விடிஞ்சா நெல்லுக்கு அதே ஊர்த்தெரு வாசலில், துண்டை இடுப்பில் கட்டி நிக்கணும். திண்ணையில உட்காருன்னு ஒருத்தனும் சொன்னதில்ல.

கிரிகோரி சோபாவோடு நிற்கவில்லை. 1963இல் பர்மிங்காம் போராட்டத்தில் சிறைக்கும் போனார். உட்கார இடம் தராதவன் கைதட்டலை நாம எதுக்கு எண்ணிக்கிட்டிருக்கணும்?