சாக்ஸைக் கழற்ற நேரமில்லை

அக்டோபர் 6, திங்கள்

டென்வர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பல வருடம் வார்டு நர்ஸாக இருந்தவர், நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் நர்ஸ்) படிப்புக்கான விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருக்கிறார். எந்தப் பிரிவு என்ற கட்டம் மட்டும் காலி. அவர் கேட்பது ஒன்றுதான்: நோயாளியோடு உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். ஊர் என்னவோ பொருத்தமான ஊர். லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் 1965-இல் இந்தப் படிப்பைத் தொடங்கியது இதே டென்வரில், கொலராடோ பல்கலைக்கழகத்தில்தான்.

அக்டோபர் 9, வியாழன்

குடும்ப நலப் பிரிவில் இருக்கும் தோழியின் கிளினிக்கில் கூடவே நின்று பார்த்தார். அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் இந்தப் பிரிவுதான். வேலை எங்கும் கிடைக்கும். இங்கே ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஷுகர் நோயாளி ஒருவருக்குப் பிரஷர் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லி, மாத்திரையை மாற்றி, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியாயிற்று. கதவு வரை போனவர் திரும்பி, “கால் கட்டைவிரல்ல ஒரு புண்ணு, ஆனா வலியே இல்ல” என்றார். ஷுகர்காரருக்கு வலிக்காத புண்தான் ஆபத்து. மறுபடி உட்கார வைத்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பார்ப்பதற்குள் வெளியே வரிசை நீண்டுவிட்டது. தோழி மதியச் சாப்பாட்டை விட்டுத்தான் அதைச் சரிக்கட்டினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஏன் பதினைந்து? விடை பில்லில் இருக்கிறது. 2021 முதல் கிளினிக் பில்லை, அன்று செலவான மொத்த நேரத்தை வைத்தும் போடலாம், எடுத்த மருத்துவ முடிவின் சிக்கலை வைத்தும் போடலாம். ஏற்கெனவே வந்துபோகும் நோயாளிக்கு 99214 என்ற பில் எண்ணைப் போட, நேரக் கணக்கில் 30 நிமிடம் வேண்டும். கட்டுக்கு அடங்காத ஷுகருக்கு மருந்தை மாற்றினாலோ, பத்தே நிமிடத்தில் அதே எண்ணைப் போட்டுவிடலாம். அரை மணியில் ஒருவரைப் பார்ப்பதா, இருவரைப் பார்ப்பதா? நிர்வாகம் இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாது. போதாததற்கு, நர்ஸ் பிராக்டிஷனர் பெயரில் போகும் பில்லுக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தருவது டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம்தான்.

அக்டோபர் 18, சனி

மனநலப் பிரிவில் முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது பரவலான வழக்கம். மருந்தோடு பேச்சு சிகிச்சையும் கொடுத்தால் அதற்குத் தனி பில். மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அடுத்தடுத்த சந்திப்புகளைப் பதினைந்து, இருபது நிமிடத்தில் முடித்து மருந்துச் சீட்டைப் புதுப்பித்து அனுப்பும் இடங்களும் உண்டு. தவிர, இவருக்குப் பிடித்தது உடம்பைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியம்.

அக்டோபர் 22, புதன்

தீவிர நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் பிரிவின் நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவருடன் நோயாளியின் வீடு தேடிப் போனார். இதயம் பலவீனமான பெரியவர். மகள் அடுப்படியிலிருந்து மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். லாசிக்ஸ் ஒரு டப்பா, ஃபியூரோசமைட் ஒரு டப்பா. இரண்டும் ஒரே மருந்து. பெரியவர் இரண்டையும் விழுங்கி வந்திருக்கிறார். தலைசுற்றி விழுந்தது ஏன் என்று அங்கேயே புரிந்தது. பிறகு, நிலைமை மோசமானால் வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்று நிதானமாகப் பேசினார்கள். இந்த மாதிரிப் பேச்சுக்கு 2016 முதல் மெடிகேர் தனியாகப் பணம் தருகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், விண்ணப்பத்தில் பாலியேட்டிவ் என்ற கட்டமே கிடையாது. குடும்ப நலம், வயதுவந்தோர்-முதியோர், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், மகளிர், மனநலம் என்றுதான் பிரிவுகள். பாலியேட்டிவ் சான்றிதழ், படித்து முடித்து அத்துறையில் வேலை பார்த்த பிறகு வாங்குவது.

அக்டோபர் 27, திங்கள்

பின்னாளில் பாலியேட்டிவ் பக்கம் போகலாம் என்று கட்டத்தை நிரப்பினார்: வயதுவந்தோர்-முதியோர், முதன்மைச் சிகிச்சை. இனி குழந்தைகளைப் பார்க்க முடியாது; மனம் மாறினால் இன்னொரு சான்றிதழ் படிப்பு படிக்க வேண்டும். தெரிந்துதான் எழுதினார்.

இதே யோசனையில் இருப்பவர்கள் பிரிவின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வேலைக்குக் கூப்பிடும் இடத்தில் ஒரு நாள் அப்பாயிண்ட்மெண்ட் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். சம்பளம் தலைக்கணக்கிலா என்று கேளுங்கள். ஆளுக்கு எத்தனை நிமிடம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.