புரை

தமிழில் புரை என்னும் சொல் நெடுநாளாகவே எனக்கு ஒரு வியப்பு. உட்டுளை என்பது அதன் ஒரு பொருள். குற்றம் என்பது இன்னொன்று. குறள் அதை அப்பொருளிலும் ஆள்கிறது. தொல்காப்பியரோ உரியியலில் அதற்கு உயர்வு என்று பொருள் சொல்கிறார். துளையும் குற்றமும் உயர்வும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்று மாணவர் கேட்பதுண்டு. இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும் என்பதே வகுப்பில் நான் சொல்லும் விடை.

சென்ற ஆண்டு என் தாயாருக்கு எலும்புப்புரை என்று மருத்துவர் சொன்னபோது அச்சொல் வீட்டுக்குள் வந்தது. "எலும்புல ஓட்டை விழுந்துடுச்சாப்பா?" என்று கேட்டார் அம்மா. எத்தனை ஓட்டை, எவ்வளவு பெரியது என்று அளந்தார்களா என்பது அடுத்த கேள்வி. திடப்பொருளின் உள்ளே இருக்கும் வெறுமையை எப்படி அளப்பது? எங்கள் கல்லூரியின் வேதியியல் துறை நண்பரிடம் கேட்டேன். "எலும்பு இருக்கட்டும் தமிழய்யா, முதல்ல ஒரு பானை ஓடு கொண்டு வாங்க" என்றார்.

உலர்ந்த ஓட்டின் எடை 180 கிராம். அதை 5 மணி நேரம் நீரில் கொதிக்கவைத்து, ஒரு நாள் முழுதும் அந்நீரிலேயே ஊறவிட்டோம். துளைகளிலிருந்த காற்று வெளியேறி நீர் புகுந்தது. நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தபோது 108 கிராம். வெளியே எடுத்து, மேற்பரப்பின் நீரை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு நிறுத்தபோது 207 கிராம். ஆக, ஓடு குடித்த நீர் 27 கிராம். அதாவது 27 கன சென்டிமீட்டர் வெற்றிடம். 207க்கும் 108க்கும் உள்ள வேறுபாடான 99, ஆர்க்கிமிடீஸ் விதிப்படி ஓட்டின் மொத்தக் கன அளவு. 27ஐ 99ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பங்கு. கையில் கல்லாய்க் கனத்த ஓட்டில் கால் பங்குக்கு மேல் ஒன்றுமில்லை! கோடையில் நம் பானை நீரைக் குளிர்விப்பதும் அந்த 'ஒன்றுமில்லை'தான். அதன் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

ஆனால் இது மொத்தக் கணக்கு. எப்பக்கமும் அடைபட்ட துளைக்குள் நீர் புகாது. துளை எத்தனை அகலம் என்பதும் இதில் தெரியாது. அதற்குப் பாதரசம் வேண்டும். பெரும்பாலான திடப்பொருள்களில் அது ஒட்டாது. தானாக உட்புகாது, அழுத்தித் தள்ளவேண்டும். துளை சிறுகச் சிறுக அழுத்தம் மிக வேண்டும். இத்தொடர்பைக் கொண்டு துளையை அளக்கலாம் என்று 1921இல் வாஷ்பர்ன் காட்டினார். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் அகலத் துளை வரை பாதரசம் புகும். அதைப்போல் 4000 மடங்கு அழுத்தத்தில் 4 நானோமீட்டர் துளைக்குள்ளும் புகும். ஆயினும் வாய் குறுகி வயிறு பெருத்த குடம் போன்ற துளையில் அது வாயின் அகலத்தையே சொல்லும். அதனினும் நுண்ணிய துளைகளுக்குள் நைட்ரஜன் வாயுவை விடுகிறார்கள், -196 டிகிரி செல்சியஸில். துளைச் சுவர்களில் படியும் வாயுவைக் கொண்டு பரப்பளவைக் கணக்கிடும் முறையை 1938இல் புருனோவர், எம்மெட், டெல்லர் ஆகியோர் தந்தனர். எதை உள்ளே அனுப்பிக் கேட்கிறோமோ அதற்கேற்ற விடையைத்தான் பொருள் தருகிறது.

அம்மாவின் எலும்புக்குள் பாதரசம் செலுத்த இயலாது. அங்கே எக்ஸ் கதிர் அளந்தது துளையை அன்று, எலும்பிலுள்ள கனிமச் செறிவை. இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் அந்த டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. அம்மாவுக்கு -2.8. நலமான எலும்பிலும் துளை உண்டு. உட்புறப் பஞ்செலும்பில் பாதிக்கு மேல் மச்சை நிறைந்த இடைவெளியே. புரை இருப்பது நோயன்று. புரை பெருகிச் சுவர் மெலிவதே நோய். இதைச் சொன்னேன். "அப்ப ஓட்டை எல்லாருக்கும் இருக்கு, செவுருதான் எளைச்சுப்போச்சு" என்றார். நொறுங்கிவிடுவோம் என்று அஞ்சி மூன்று வாரம் கட்டிலை விட்டு நகராதவர், மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்த நடைப்பயிற்சியை அன்று மாலை தொடங்கினார், கைத்தடியோடு.

கலைச்சொல்லாக நுண்துளைமை என்கிறோம்; தெளிவான சொல்தான். ஆயினும் புரைமை என்று எழுதவே எனக்கு விருப்பம். பானையில் அது உயர்வு. நீர் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் கான்கிரீட் தூணில் குற்றம். எத்தனை, எவ்வளவு அகலம், ஒன்றோடொன்று இணைந்ததா, தனித்ததா என்று அளந்த பின்னரே எதுவென்று சொல்லமுடியும். அதுவரை இரண்டையும் சேர்த்துச் சுமக்க ஒரு சொல் இருப்பது நல்லதுதானே? இதனினும் பொருத்தமான சொல் வைத்திருக்கும் நண்பர்கள் எழுதுங்கள்.