பின் கதவுச் சத்தம்

உங்கள் வீட்டில் ஓடாத வண்டி ஏதாவது நிற்கிறதா? ஒரு லாம்ப்ரெட்டா, ஒரு ராஜ்தூத், குறைந்தபட்சம் ஒரு கேரியர் வைத்த பழைய சைக்கிள்? விற்கவும் மனசு வராமல், ஓட்டவும் நேரம் இல்லாமல், ஈரத் துண்டு காயப்போடும் கொடியாக நிற்குமே... அந்த மாதிரி ஒன்று?

எங்கள் வீட்டில் உண்டு. அரும்பாவூர் வீட்டின் மாட்டுக் கொட்டகையில், மாடுகள் போன பிறகு குடிவந்த அம்பாசடர். 1973 மாடல், மார்க் 2. அப்பா 1985-ல் நாற்பதாயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டாக வாங்கியது.

அரும்பாவூர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற பக்கம். ஆனால், ஊர்ப் பெயரை வெளியே கொண்டுபோனது உளிதான். வாகை, மாவிலங்கை, வேம்பு, மா என்று மரக்கட்டைகளைப் போட்டு தேர்ச் சிற்பமும் சாமி வாகனமும் செதுக்குகிற ஊர். 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. எங்கள் தெருவில் சேவல் கூவுவதற்கும் கொட்டாப்புளிச் சத்தம் கேட்பதற்கும் பெரிய இடைவெளி இருக்காது.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் தேய்மானம் போடுகிற புத்தி. வருஷத்துக்கு 15 சதவிகிதம் கழித்துக்கொண்டே வந்தால், நாற்பது வருஷத்தில் எங்கள் காரின் மதிப்பு சுமார் 60 ரூபாய்! இந்தக் 'குறைந்துசெல் மதிப்பு' முறையில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வருஷம் கழித்தாலும் தொகை பூஜ்யம் ஆகவே ஆகாது. ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அது எவ்வளவு உண்மை என்று எனக்குப் போன வருஷம்தான் புரிந்தது.

இன்ஜினைப் பெரம்பலூர் மெக்கானிக் ஒருவர் ஓட வைத்துவிட்டார். உள்ளேதான் பார்க்கச் சகிக்கவில்லை. ரெக்சின் வெடித்து, கதவு அட்டை உப்பி, சீட்டிலிருந்து தென்னை நார் எட்டிப் பார்த்தது. குஷன் கடையில் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல பழைய பைக்கே வாங்கலாம். 'நாமே செய்தால் என்ன?' என்று பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

நண்பர் ஒருவர், "ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி. 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கிடுங்க. நம்பரிலேயே 'வி.ஏ.'ன்னு போட்டுக் கொடுப்பாங்க" என்றார். விசாரித்தால், அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு என்று சில காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாமாம். அப்பாவிடம் சொன்னேன். "வெங்காயம் ஏத்தப் போகாத வண்டிக்கு நம்பர் எதுக்குடா?" என்று முடித்துவிட்டார்.

எனக்குக் குரு, பக்கத்துத் தெரு சிற்பி அண்ணன். முதலில் டேஷ்போர்டு டப்பாவின் மூடி. உடைந்துபோன பழைய மூடிக்குப் பதிலாக அந்தக் காலத்திலேயே அப்பா வாகை மரத்தில் செய்துபோட்டது. உப்புத்தாளை எடுத்துக் குறுக்கே தேய்க்கப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, ரேகை போற பக்கம்தான் தேய்க்கணும். குறுக்கே தேய்ச்சா ஒவ்வொரு கீறலும் பாலிஷ் போட்டப்புறம் பல்லைக் காட்டும்."

120-ல் ஆரம்பித்து 220, பிறகு 320 என்று நயமாகிக்கொண்டே போக வேண்டும். வெடிப்புக்கு, அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைக்க வேண்டும். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப் பொட்டணத்தில் தொட்டு, மெல்லிசாகப் பல தடவை இழுக்க வேண்டும். ஒரே பூச்சில் பளபளப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டால் திட்டுத் திட்டாகிவிடும். நான் ஆசைப்பட்டேன். ஆயிற்று. மறுபடி முதலிலிருந்து!

அடுத்து, கதவுகள். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பின் ஒளிந்திருக்கும். அதைத் தட்டி எடுத்துவிட்டு, ஓரத்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினால், உள் அட்டை கையோடு வந்துவிடும். எங்கள் வண்டியில் அட்டை என்று சொல்ல முடியாது, நனைந்த அப்பளம்.

ஏன் இப்படி ஆகிறது தெரியுமா? கார் கதவு உள்ளே காலியான பெட்டி. மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாக அதற்குள் இறங்கத்தான் செய்யும். வெளியேறுவதற்குக் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. தூசியும் சேறும் அவற்றை அடைத்தால் தண்ணீர் தேங்கும், அட்டை உறிஞ்சும், தகடு துருப்பிடிக்கும். ஓட்டையைக் குத்திவிடாமல் மேலே எவ்வளவு உசத்தி ரெக்சின் ஒட்டினாலும் அடுத்த மழைக்காலம் வரைதான் ஆயுள்.

மூன்று கதவு முடிந்தது. நாலாவது, இடது பின் கதவு. கம்பியை விட்டு ஓட்டையைக் குத்தினேன். கட்டி கட்டியாகச் சேறு விழுந்தது. ஒரு ஐந்து பைசா. ஒரு ஹேர்பின். அப்புறம், ஒரு மண்ணுருண்டை. விரலால் நசுக்கினேன். உள்ளே சிவப்பாக ஏதோ மினுங்கியது.

அம்மாவின் சிவப்புக்கல் தோடு.

எனக்குக் கை நடுங்கியது என்று சொன்னால், 'கால் பவுன்கூடத் தேறாத தோட்டுக்கா?' என்று கேட்பீர்கள். கதையைக் கேளுங்கள்.

1988. எனக்கு ஒன்பது வயசு. ஒரு வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். அம்மா வழக்கம்போல இடது பக்கம், ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காதில் தோடு இல்லை. வாசல், திண்ணை, கிணற்றடி எல்லாம் தேடினார்கள். பின் சீட்டையே தூக்கி வெளியே போட்டார்கள். இல்லை.

அப்போது எங்களிடம் ஒரு டிரைவர் அண்ணன் இருந்தார். மூன்று வருஷமாக வண்டி ஓட்டியவர். என்னை மடியில் வைத்து ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். அப்பா என்னைக் கூப்பிட்டு, "வந்ததும் வண்டிகிட்ட யாருடா இருந்தா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "டிரைவர் அண்ணன்தான் பின் சீட்டைத் துடைச்சிட்டு இருந்தாரு."

அது பொய் இல்லை. அவர் தினமும் துடைப்பார். ஆனால், அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அப்பா போலீஸுக்குப் போகவில்லை, அடிக்கவில்லை. சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். சின்ன ஊர். ஏன் நின்றார் என்று மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு வருஷம்போல, அந்தக் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் உள்ளே 'கிளிங்'கென்று ஒரு சத்தம் வரும். "கண்ணாடி மெஷின் லூஸா இருக்கு" என்பார் அப்பா. பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஏதோ தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். இப்போதுதான் தெரிகிறது, சரியாகவில்லை. சேறு மூடிவிட்டது. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் இற்றுப்போன இடுக்கு வழியாக விழுந்த தோடு, இத்தனை வருஷமும் எங்களோடுதான் பயணம் செய்திருக்கிறது.

தோட்டைக் கழுவி அம்மா கையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். கண்டுபிடித்த சந்தோஷம் முகத்தில் இல்லை. "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

நான் விழித்தேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பாதான் பதில் சொன்னார். "கை.களத்தூர்ல. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தெரு."

இத்தனை வருஷமாக அப்பாவுக்கு விலாசம் தெரிந்திருக்கிறது! ஏன் தெரிந்துவைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

மிச்ச வேலையை மூன்று நாளில் முடித்தேன். பழைய அட்டையையே மாதிரியாக வைத்து, தண்ணீருக்குத் தாங்கும் மெல்லிய பிளைவுட்டில் வெட்டினேன். பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, வெயிலில் இளக்கிய ரெக்சினை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து ஒட்டினேன். உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஷீட். நாலாவது கதவில் மட்டும் என் தையல் கொஞ்சம் கோணல். கை ஒழுங்காக நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் அப்பா, பின்னால் இடது பக்கம் அம்மா.

டிரைவர் அண்ணனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. எங்களைவிட வண்டியைத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. அப்பா எதுவும் பேசாமல் தோட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "கதவுக்குள்ள கெடந்துச்சுப்பா. தப்பு எங்க மேலதான்" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் தோட்டைத் தொடவில்லை. கதவைத் திறந்தார், சாத்தினார். காது கொடுத்துக் கேட்டார். "அந்தக் கதவுல தண்ணி நிக்குது, பிரிச்சுப் பார்க்கணும்னு அப்பவே சொன்னேன்யா. நீங்கதான் வெள்ளாமை முடியட்டும்னீங்க" என்றார்.

நான், "அண்ணே, அன்னிக்கு நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. நீ பார்த்ததைச் சொன்னே. சின்னப் புள்ள. மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிடும். அதுக்கப்புறம் முப்பது வருஷம் எங்கெங்கேயோ வண்டி ஓட்டினேன். ஓனர் பக்கத்துல நிக்காம பின் சீட்டைத் துடைச்சதே இல்ல."

டீ கொடுத்தார்கள். குடித்தோம். பணம் என்று அப்பா எடுத்த கவரை வாங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "இதே வண்டியில இந்தத் தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வரலாமாய்யா? நீங்க முன்னாடி உக்காருங்க. நான் ஓட்டறேன்."

நாலு பேர் பார்க்கத்தான். எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்தது. ஒரு சுத்து இல்லை, மூன்று சுத்து போனார்கள். வழியில் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, அங்கே இருந்தவர்களிடம் அப்பாவே விஷயத்தைச் சொன்னாராம்.

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. மூன்று வருஷம் கழித்து, 2017-ல், அந்தப் பெயரை மட்டும் பியூஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. காரே இல்லை, வெறும் பெயர். எங்கள் பி.காம். பாடத்தில் இதற்கு 'நற்பெயர்' என்று ஒரு தலைப்பு உண்டு. கம்பெனியின் நற்பெயருக்கு விலை போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு டிரைவரின் நற்பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது, அதில் என் பங்கு எவ்வளவு என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களே, வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், கதவின் அடி ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால், தானாக நிற்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.