புளிப்புக்கு க்ளோசப் கிடையாது

பயண நிகழ்ச்சியில் ஒரு சாப்பாட்டுக் காட்சிக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்தாலே பெரிது. கடை, சமைப்பவர், அடுப்பு, தட்டு, தொகுப்பாளர் எடுத்து வைக்கும் முதல் வாய், அப்போது அவர் முகம் போகும் போக்கு, எல்லாம் அதற்குள் வந்துவிட வேண்டும். சிங்கப்பூரில் இந்த வகை நிகழ்ச்சிகளுக்குப் படத்தொகுப்பு செய்து பிழைப்பவன் நான். எந்த நாட்டு உணவானாலும் ரஷ் எனும் வெட்டாத காட்சிகள் வந்து இறங்கியதும் நாங்கள் தேடுவது புகையை, சொட்டும் கொழுப்பை, கத்தி பட்டதும் எழும் மொறுமொறுச் சத்தத்தை. கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடுபவை அவை. புளிப்பு இந்தக் கணக்கில் சேராது. புளி விட்ட குழம்பும் விடாத குழம்பும் கேமராவுக்கு ஒன்றுதான்.

பிலிப்பைன்ஸ் உணவு திரையில் ஏன் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே தெரிகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் வந்து நிற்கும் இடம் இது. அந்தச் சமையலின் முதுகெலும்பே புளிப்பு. 7,641 தீவுகள் கொண்ட நாட்டில் ஊருக்கு ஊர் சமையல் மாறுகிறது. பிக்கோல் பகுதியில் தேங்காய்ப்பாலும் மிளகாயும் ஆட்சி செய்கின்றன. மிண்டனாவோவின் மரனாவ் முஸ்லிம்கள் சமையலில் மஞ்சளும் இஞ்சியும் மணக்கும். இருந்தாலும் வடக்கிலிருந்து தெற்குவரை புளிப்பு இல்லாத வீடு அரிது. சினிகாங் என்ற குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ரசத்தில் மீனும் கீரையும் முள்ளங்கியும் முழுசாகக் கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. புளி போட்டால் ஒரு ருசி, பிலிம்பிக்காய் போட்டால் வேறு, கொய்யாப்பழம் போட்டால் இன்னொன்று. இலோயிலோ பக்கம் பதுவான் என்ற காயைப் போடுவார்கள். நம் கொடம்புளியின் உறவுதான் அது. வினிகர் என்றால் தென்னங்கள்ளிலிருந்து ஒன்று, நீப்பாப் பனையிலிருந்து ஒன்று, கரும்பிலிருந்து ஒன்று. இறைச்சியோ மீனோ வினிகரில் வேகும் அடோபோவுக்கும் பக்சிவுக்கும் உயிர் அதுதான். பச்சை மீனை வினிகரிலேயே பதப்படுத்தும் கினிலாவுக்கு அடுப்பே தேவையில்லை. அந்நாட்டின் உணவு எழுத்தாளர்களில் முதன்மையானவரான டோரீன் ஃபெர்னாண்டஸ், தம் நாட்டுச் சமையலின் அடையாளமாக அடோபோவைவிட சினிகாங்கையே முன்னிறுத்தினார். உலகத் தொலைக்காட்சியின் காதில் அது ஏறவில்லை. ஏற வழியும் இல்லை. சினிகாங் கொதிப்பதைப் படமெடுத்தால் கலங்கிய தண்ணீரில் காய்கறி மிதப்பதுதான் தெரியும்.

அந்த இடத்தை நிரப்பியது பலூத் எனும் முட்டை. ஆண்ட்ரூ சிம்மர்ன் 'பிசார் ஃபுட்ஸ்' தொடரின் முதல் பருவத்தில், 2007இல், பிலிப்பைன்ஸ் போனார். அதற்கும் முன்பே 'ஃபியர் ஃபேக்டர்' போட்டியில், பார்ப்பவர் குமட்ட வேண்டும் என்பதற்காகவே பலூத்தைத் தின்ன வைத்தார்கள். அதே முட்டையை வியட்நாமிலும் கம்போடியாவிலும் தெருவுக்குத் தெரு சாப்பிடுகிறார்கள். முத்திரை மட்டும் பிலிப்பைன்ஸ் மேல் விழுந்தது.

பலூத் என்பது இரண்டு, மூன்று வாரம் அடைகாத்த வாத்து முட்டையை அவித்தது. மணிலா பெருநகரின் பட்டேரோஸ் அதற்குப் பேர்போன ஊர். கூடையில் துணி சுற்றிச் சூடு ஆறாமல் வைத்துக்கொண்டு இரவில் கூவி விற்பார்கள். வாங்குபவர் முட்டையின் ஒரு முனையைத் தட்டிச் சின்னத் துளை போட்டு, ஒரு சிட்டிகை உப்பு தூவி, உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சிக் குடிப்பார். பிறகு ஓட்டை உரித்து, கொஞ்சம் வினிகர் விட்டு வாயில் போட்டுக்கொள்வார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்க்கவும் முடியாது.

படக்குழு என்ன செய்கிறது? எல்இடி பேனலைப் பிடிக்கிறது. ஓட்டை முழுக்க உரிக்கச் சொல்கிறது. மேக்ரோ லென்ஸ் மாட்டிக் கருவின் இறகையும் அலகையும் காட்டுகிறது. மிச்ச வேலை எங்களுடையது. தொகுப்பாளர் இரண்டு நொடி தயங்கியிருப்பார். அவர் முகம், முட்டை, சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு, மறுபடி அவர் முகம் என்று வெட்டி ஒட்டினால் இரண்டு நொடி எட்டு நொடி ஆகிவிடும். அடியில் ஒரு உறுமல் இசை போட்டால் தெருமுனைத் தின்பண்டம் வீரச்செயலாக மாறிவிடும். சாற்றை உறிஞ்சும் இடம் இந்தக் கட்டமைப்புக்கு உதவாது. அது இதமான இடம், ஆளைத் தளர்த்திவிடும். ஆகவே முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஆனால் பலூத்தின் ருசியே அந்தச் சாற்றில் இருக்கிறது என்று சாப்பிட்டவர்கள் பலர் சொல்வார்கள்.

பாலவான் தீவின் தமிலோக்குக்கும் இதே கதி. மரப்புழு என்று திரையில் பேர் போட்டு நெளிய விடுவார்கள். அது உண்மையில் சிப்பி இனம், சதுப்புநிலக் கட்டைகளுக்குள் வளர்வது. கழுவி வினிகரில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். 'புழுவைத் தின்றார்' என்பது காட்சி ஆகும். 'சிப்பியை வினிகரில் தோய்த்துச் சாப்பிட்டார்' என்பது ஆகாது. நியாயமாகச் சொன்னால் சிம்மர்ன் அந்த உணவை இளக்காரம் செய்தவர் இல்லை. அடுத்து உலகம் பேசப்போவது பிலிப்பினோ உணவைத்தான் என்று 2012இலேயே சொன்னவர் அவர். 'விசித்திர உணவுகள்' என்று பொருள்படும் தொடரின் பெயரே அவரை முந்திக்கொண்டு பேசிவிடுகிறது.

பாராட்டிலும் இதே சாய்மானம் உண்டு. அந்தோனி போர்டெய்ன் 'நோ ரிசர்வேஷன்ஸ்' தொடரில் 2009இல் ஒளிபரப்பான அத்தியாயத்துக்காகச் செபு வந்து, லெச்சோன் எனும் முழுப்பன்றி வறுவலைத் தின்றுவிட்டு, தான் சாப்பிட்ட பன்றிகளிலேயே அதற்கு முதலிடம் கொடுத்தார். செபு லெச்சோனுக்கு அது உலக விளம்பரம். அந்தக் காட்சியில் தொழில்ரீதியாக எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல்லும் வெங்காயத்தாளும் பூண்டும் திணித்து, கரி நெருப்பின் மேல் மணிக்கணக்கில் சுழற்றிய பன்றியின் தோல், கத்தி முதுகால் தட்டினால் ஓடு போலச் சத்தம் போடும். எடிட்டருக்கு அது வரப்பிரசாதம். (சத்தம் போதவில்லை என்றால் வேறு எங்கோ எடுத்த மொறுமொறுப்பை அங்கே ஒட்டும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு.)

விருந்து முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் எடுப்பதில்லை. மிஞ்சிய லெச்சோனை வீட்டுப் பெண்கள் வினிகரும் பூண்டும் மிளகும் போட்டுக் கொதிக்க வைத்துப் பக்சிவ் ஆக்குவார்கள். தலையும் எலும்பும் சினிகாங் பானைக்குள் போகும். எங்கள் ஒலிப்பிரிவில் இலோயிலோக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் 'குயா', அதாவது அண்ணன். லெச்சோன் விருந்தாளிக்கு, பக்சிவ்தான் வீட்டுக்காரனுக்கு என்பார் குயா. மறுநாள் காலையில் படக்குழு விமான நிலையத்தில் இருக்கும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் ஆகும் செலவு, அந்த நாட்டு உணவின் பாதியைத் திரையிலிருந்து அழித்துவிடுகிறது.

சிசிக் எனும் பன்றியிறைச்சி உணவின் கதையும் இதற்கு உறவு. பம்பாங்கா மாகாணத்தின் ஆஞ்சலஸ் நகரில், பக்கத்துக் கிளார்க் அமெரிக்க விமானத்தளத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பன்றித்தலைகள் மலிவாகக் கிடைத்தன. லூசியா குனானன் என்ற கடைக்காரர் 1970களில் அவற்றைச் சுட்டுப் பொடியாக நறுக்கிப் பரிமாறியது இன்றைய சிசிக்குக்கு வழிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் அதைவிட மிகப் பழையது. தியேகோ பெர்கான்யோ என்ற ஸ்பானியப் பாதிரியார் 1732இல் வெளியிட்ட கபம்பாங்கன் மொழி அகராதி, சிசிக்கைப் பச்சைப் பப்பாளியோ கொய்யாக்காயோ உப்பு, மிளகு, பூண்டு, வினிகரோடு சேர்ந்த கலவையாகவே காட்டுகிறது. பன்றி பிறகு வந்தது, சூடான இரும்புத்தட்டு அதற்கும் பிறகு. திரைக்குப் பிடித்ததோ அந்த இரும்புத்தட்டின் 'ஸ்ஸ்ஸ்'. 2017இல் மணிலாவுக்கு வந்த போர்டெய்ன், உலகத்தை வெல்லப்போவது சிசிக்தான் என்றார். அவர் சொன்னது நடக்கலாம். சத்தம் போடும் உணவுக்குத் தொலைக்காட்சி எப்போதுமே இடம் ஒதுக்கும்.

இதையெல்லாம்விட ஆழமான சிக்கல் ஒன்று காட்சியை அடுக்கும் முறையிலேயே இருக்கிறது. சமைப்பவர் தட்டில் எடுத்து வைத்ததும் உணவு முடிந்துவிட்டது என்று எங்கள் இலக்கணம் நம்புகிறது. அங்கே ஒரு க்ளோசப், மேலே தூவிய வெங்காயத்தாள், பின்னால் மங்கிய அடுப்பு. அடுத்த ஷாட்டில் தொகுப்பாளர் வாயில் வைத்துக் கண்ணை மூடுவார். பிலிப்பைன்ஸ் மேசையில் உணவு அந்த இடத்தில் முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவுக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோ பெண்கள் விடுப்பு நாளில் கூடும் இடம் அது. தட்டு வந்ததும் யாரும் உடனே சாப்பிடத் தொடங்க மாட்டார்கள். சின்னக் கிண்ணம் ஒன்றை இழுத்து வைத்து, பாதிஸ் எனும் மீன்சாறு கொஞ்சம் ஊற்றி, கலமான்சி ஒன்றைப் பிழிந்து, குட்டி மிளகாயைக் கரண்டி முதுகால் நசுக்குவார்கள். நக்கிப் பார்ப்பார்கள். இன்னொரு கலமான்சி விழும். பக்கத்தில் இருப்பவர் கிண்ணத்தில் வினிகரும் பூண்டும் இருக்கும், எதிரே இருப்பவருக்குப் பாகூங் எனும் நொதித்த மீன் விழுது இல்லாமல் முடியாது. ஒரே மீன், மூன்று ருசி. சாவ்சாவான் என்று இதைச் சொல்வார்கள். சமைத்தவர் பாதி முடித்த உணவைச் சாப்பிடுபவர் முடிக்கும் இடம் அது. டோரீன் ஃபெர்னாண்டஸ் இதைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறார்.

எங்கள் டைம்லைனில் இந்தக் கிண்ணம் வருவதே இல்லை. தொகுப்பாளர் முதல் வாயை எதையும் தொட்டுக்கொள்ளாமலே சாப்பிடுகிறார். 'கொழுப்பு அதிகம், உப்பு அதிகம்' என்று பார்ப்பவர் மனதில் பதிகிறது. பழுப்பு நிறம், கனத்த ருசி என்று பிலிப்பினோ உணவைப் பற்றி ஊர் ஊராகச் சுற்றும் குற்றச்சாட்டில் பாதிக்கு இந்த வெட்டுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மனிதர்களைக் காட்டுவதிலும் வெட்டு தன் வேலையைச் செய்கிறது. நெட்ஃபிளிக்ஸின் 'ஸ்ட்ரீட் ஃபுட்' 2019இல் செபுவுக்குப் போனபோது, கொர்தோவா கடற்கரையில் பகாசி எனும் குட்டி விலாங்கைக் குழம்பு வைக்கும் ஃப்ளோரென்சியோ எஸ்கபாஸை நடுவில் வைத்தது. எல்லாருக்கும் அவர் எந்தோய். 2021இல் காலமானார். நிலாராங் என்ற அந்தக் குழம்பும் புளிப்பும் காரமும் கலந்ததுதான். அத்தியாயம் வந்ததும் செபுவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. நம் ஊர்ச் சாப்பாடு இவ்வளவுதானா, வறுமையை மட்டும் ஏன் காட்ட வேண்டும் என்றார்கள். நான் அதை எடிட்டராகப் பார்த்தேன். எந்தோயின் உழைப்புக்கும் அவர் ஊரின் மேல் அவருக்கிருந்த பிடிப்புக்கும் இடம் கொடுத்த படம் அது. ஆனால் கஷ்டம் சொல்லும்போது மெதுவாக எழும் பியானோவும் தகரக்கூரை மேல் நகரும் ட்ரோனும் பார்ப்பவரைக் குழம்பை மறக்கச் செய்கின்றன. வாழ்க்கைக்கதைக்குக் கொடுத்த நேரத்தில் கொஞ்சம் அந்தப் புளிப்பு எந்தக் காயிலிருந்து வருகிறது என்பதற்கும் கிடைத்திருக்கலாம்.

இதற்கு மாற்றாக நான் எடுத்துக்காட்டுவது போர்டெய்ன் மீண்டும் மணிலா போய் எடுத்து, 'பார்ட்ஸ் அன்னோன்' தொடரில் 2016இல் ஒளிபரப்பான அத்தியாயம். அடுத்தவர் பிள்ளைகளை வளர்க்கக் கடல் தாண்டிப் போகும் பிலிப்பினோப் பெண்களைப் பற்றிய கதை அது. உணவு அந்தக் கதைக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, யாரும் அதை வியந்து தீர்ப்பதில்லை. லக்கி பிளாசா தினம் தினம் எதிரில் இருக்கும் ஊரில் வாழ்கிற எனக்கு அது அந்நிய நாட்டுக் கதையாகவே படவில்லை.

வாழையிலை விரித்து, சோற்றையும் மீனையும் வரிசையாகக் கொட்டி, எல்லாரும் நின்றபடி கையால் அள்ளும் 'பூடல் ஃபைட்' விருந்தும் பயண நிகழ்ச்சிகளின் செல்லப்பிள்ளை. தமிழர்களுக்கு வாழையிலையைப் பார்த்ததும் நெருக்கம் வந்துவிடும். அது ராணுவப் பழக்கத்திலிருந்து பரவிய கொண்டாட்ட விருந்து. அன்றாடம் பிலிப்பினோ வீடுகளில் தட்டும் கரண்டியும் முள்கரண்டியும்தான். வருடத்தில் ஒரு நாளைத் தினசரி வாழ்க்கையாகக் காட்டுவது எங்கள் தொழிலின் பழைய வியாதி.

அந்நாட்டுத் தொலைக்காட்சியிலேயே இந்த வியாதி குறைவு. 'பியாஹே நி ட்ரூ' போன்ற பயணத் தொடர்களில் புளிப்பை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. தொகுப்பாளர் கிண்ணத்தில் கலமான்சி பிழிந்துகொண்டே பேசுவார், அதை யாரும் வெட்டுவதில்லை. 2004 முதல் ஓடும் 'கபூசோ மோ, ஜெஸ்ஸிகா சோஹோ' அபூர்வ உணவுகளைத் தேடிப் போவதும் உண்டு. ஆனால் பார்ப்பவருக்கு அந்த ஊர்ப் பெயரும் அந்தக் காயின் பெயரும் தெரியும், அதனால் அது வேடிக்கையாக முடிவதில்லை. யூடியூபில் எர்வான் ஹூசாஃபின் குழு தீவு தீவாகப் போய் உப்புக் காய்ச்சுபவர்களையும் வினிகர் வடிப்பவர்களையும் நிதானமாகப் பதிவு செய்கிறது. நிதானத்துக்கும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்று அது எங்களுக்கு நிரூபித்துவிட்டது.

புளிப்பைத் திரையில் காட்டவே முடியாதா என்றால், முடியும். கொஞ்சம் சுற்றிவளைத்துப் போக வேண்டும். காயைக் கடித்த பிள்ளையின் தாடை ஒரு கணம் இறுகுவதை எடுக்கலாம். சூடான சாற்றை உறிஞ்சும் சத்தத்துக்கு மேல் இசை போடாமல் விடலாம். பிலிப்பைன்ஸ் போகும் படக்குழுவிடம் நான் இப்போதெல்லாம் மூன்று கேட்கிறேன். சந்தையில் புளிப்புக்காய் வாங்கும் இடத்தை எடுங்கள். விருந்துக்கு மறுநாள் ஒரு வேளையாவது தங்குங்கள். தட்டு வந்ததும் கேமராவை அணைக்காதீர்கள், கிண்ணம் கலக்கி முடியட்டும். தயாரிப்பாளர்கள் இரண்டாவதற்குக் கையை விரிப்பார்கள். முதலும் மூன்றும் காசு கேட்பதில்லை. அவை வந்து சேர்ந்த பிறகும் நான் அவற்றை வெட்டிவிட்டுக் கொழுப்பு சொட்டுவதற்கே திரும்பப் போனால், குற்றத்தைச் செலவின் மேல் போட முடியாது.