தலைக்கவசத்துள் ஒரு குரல்

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 85 கிலோமீட்டர் கடந்ததும், சமவெளியின் நடுவே ஒரு குன்றும், அதன் உச்சியில் முருகன் கோயிலும் நம் கண்ணுக்குத் தென்படுகின்றன. அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணி அதுவே. ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகளில் ஏறுவோர் ஒருபுறம். வாகனப் பாதையில் வளைந்து வளைந்து மேலேறுவோர் மறுபுறம். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து வரும் கூட்டத்தைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார்.

இவ்வூருக்கு வேறு பெருமைகளும் உண்டு. நம் நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு இங்கே பிறந்தார். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சேர்ந்துவிட்ட திருத்தணி, ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 முதல் நம் மாநிலத்தோடு இணைந்தது. இன்றும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் தோளோடு தோள் உரசி நடக்கின்றன. சிறிது தொலைவு சென்றால் நகரி, அது ஆந்திரம்.

அண்மையில் நகரிப் பக்கம் ஒரு திருமணத்துக்குச் செல்லும் வழியில், குன்றின் அடிவாரத்துத் தேநீர்க் கடையருகே சற்று நின்றோம். அங்கே நமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினரும் இளைப்பாறிக்கொண்டிருந்தனர். அண்ணனும் தம்பியும் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்திருந்தனர். அண்ணன் பின்னால் தாயார். தம்பி பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியரான தந்தையார். பிள்ளைகள் இருவரும் தலைக்கவசங்களை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சணைகளைப் பிரித்து எதையோ பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, நீங்களே சொல்லுங்கள். இது தேவைதானா, வீண் ஆடம்பரமா?" என்று தந்தையார் கேட்டார்.

தாயார் முந்திக்கொண்டார். "போன மாதம் நான் பின்னாலிருந்து ஏதோ சொன்னேன், சாமி. காற்றில் கேட்கவில்லை. தம்பி தலையைத் திருப்பினான். அதற்குள் எதிரே மணல் லாரி! மாதா புண்ணியத்தில் தப்பினோம்."

அந்தத் தாயின் குரலில் இருந்த நடுக்கம் நம்மைச் சிந்திக்க வைத்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது தலைக்கவசத்துள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். அவ்வளவு ஓசையில் கத்தினாலும் கேட்காது. கேட்கவேண்டுமெனத் தலையைத் திருப்பும் ஒரு நொடியில் வண்டி ஏறத்தாழ இருபத்தெட்டு மீட்டர் ஓடிவிடும். அந்த ஒரு நொடி ஒரு குடும்பத்தை அநாதையாக்கப் போதுமானது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே 'இன்டர்காம்' என்னும் சிறு கருவி. இது புளூடூத் என்னும் கம்பியில்லா முறையில் இயங்குவது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கு நாட்டை ஆண்டு, கிறிஸ்தவ மறையைத் தழுவிய ஹரால்டு மன்னரின் பட்டப்பெயரே புளூடூத். பிரிந்து கிடந்தவர்களை அவர் இணைத்ததுபோல, தனித்தனிக் கருவிகளை இணைப்பதால் இப்பெயர் இட்டனராம்.

பொருத்தும் முறையைப் பிள்ளைகள் நமக்குப் பொறுமையாக விளக்கினார்கள். முதலில், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசம் வேண்டும். கன்னத்துப் பஞ்சணைகளைக் கழற்றி, காதுக் குழியில் மெல்லிய ஒலிபெருக்கியைச் செவித்துளைக்கு நேராக ஒட்ட வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் ஒலி குன்றிவிடும். முகம் முழுதும் மூடிய கவசமாயின் மோவாய்ப் பகுதியின் உட்புறத்தில் சிறு மைக்கை ஒட்ட வேண்டும். திறந்த கவசமாயின் வாயருகே நீளும் தண்டு மைக். கம்பிகளைப் பஞ்சின் அடியில் மறைத்து, இயக்கும் பெட்டியை இடப்புறம் பொருத்த வேண்டும். ஏன் இடப்புறம்? வலக்கை ஆக்சிலேட்டரை விட்டு அகலலாகாது அல்லவா! கம்பிக்கு இடம் வேண்டுமென்று உள்ளே இருக்கும் தெர்மாகோலை வெட்டுவதோ, வெளிக்கூட்டைத் துளையிடுவதோ பெருந்தவறு. விபத்தில் அடியைத் தாங்கி மண்டையைக் காப்பது அந்தத் தெர்மாகோலே.

பின்னர் இரு கருவிகளின் பொத்தான்களையும் விளக்கு மாறிமாறி மின்னும் வரை அழுத்திப் பிடித்தால், ஒன்றையொன்று அறிந்து இணைந்துகொள்ளும். இதற்குச் செல்பேசிக் கோபுரம் வேண்டுவதில்லை. ஆகவே மாநில எல்லை கடந்தாலும் பேச்சு நில்லாது. ஆனால், அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை. பாறையும் வளைவும் குறுக்கிட்டால் முன்னே செல்பவருக்கும் பின்னே வருபவருக்கும் இடையே குரல் அறுந்துபோகும். பலர் கூட்டமாகச் செல்லும்போது, பழைய முறையில் சங்கிலியின் ஒரு கண்ணி விலகினால் தொடர்பு முறியும். 'மெஷ்' என்னும் புதிய முறையிலோ, குரல் மற்றொருவர் கருவி வழியாகத் தானே பாதை தேடிக்கொள்ளும்.

இவ்வளவும் நன்றே. ஆயினும் அக்கருவியிலேயே செல்பேசி அழைப்பும் வரும், பாட்டும் வரும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்போர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஓர் உண்மையை உணர்த்திற்று. கையில் பிடித்துப் பேசினாலும், கையில் பிடிக்காமல் பேசினாலும், ஓட்டுபவர் சாலைக் குறிகளைத் தவறவிடுவது இருமடங்குக்கு மேலாகிறது. கவனத்தைக் கவர்வது கை அன்று, பேச்சே. அதே பல்கலைக்கழகத்தார் 2008இல் மற்றொன்றையும் கண்டனர்: உடன் பயணம் செய்பவரின் பேச்சு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. அவரும் அதே சாலையைக் காண்கிறார். இடர் வரும்போது வாயை மூடிக்கொள்கிறார், "பார்த்துப் போ" என்று எச்சரிக்கவும் செய்கிறார். தொலைவில் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்து பேசுபவருக்கு எதிரே வரும் லாரி தெரியாது.

தந்தையாருக்கு நாம் அளித்த விடையும் இதுவே. தாயும் மகனும் பேசுவதற்கும், முன் செல்லும் அண்ணன் பின்வரும் தம்பிக்குப் "பள்ளம் இருக்கிறது" என்று சொல்வதற்கும் ஆனால், இஃது ஆடம்பரமன்று, பாதுகாப்பே. வணிகமும் வம்பும் பேசுவதற்கானால் ஆபத்து. இளையவர் உடனே செல்பேசி இணைப்பைத் துண்டித்துவிட்டு, வழித்துணைப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டார். தாயார் முகம் தெளிந்தது.

வாசகர் குடும்பங்கள் சட்டத்தையும் மனத்தில் கொள்க. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், நான்கு வயதைக் கடந்த குழந்தைகளும் அதை அணியவேண்டும் என்று வகுத்தது. கையில் கருவியை ஏந்திப் பேசிக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. பின்னால் அமரும் தாய்க்குக் கவசம் வாங்காமல் மகனுக்கு மட்டும் விலையுயர்ந்த கருவி வாங்குவது முறையாகாது.

ஆகவே, புறப்படுமுன்பே ஒலியளவைக் குறைத்து, வெளியே ஒலிக்கும் ஹாரன் காதில் விழுமாறு அமையுங்கள். ஓடும் வண்டியில் பொத்தானைத் தேடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களும், பிள்ளை வண்டியில் செல்லும் நேரமறிந்து, அவன் போய்ச் சேரும்வரை அழைக்காமல் பொறுத்திருங்கள்.