வாசலோடு திரும்பிய கடிதம்

எங்கள் சிறு கம்பெனியின் மின்னஞ்சலுக்கு நானே போஸ்ட்ஃபிக்ஸ் வைத்து நடத்துகிறேன். லாட்டரிப் பரிசுக் கடிதங்களின் தொல்லை தாளாமல், ஒரு கோப்பில் அந்த டொமைன்களை எழுதி, பக்கத்தில் 'ரிஜெக்ட்' என்று போட்டு, 'போஸ்ட்மேப்' ஓட்டினேன். 554 என்ற எண்ணோடு எல்லாம் வாசலோடு திரும்பின. என்ன நிம்மதி! ஆத்திரத்தில் ஓர் இலவச அஞ்சல் டொமைனையும் முழுசாகச் சேர்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் நாத்தனார் ஃபோனில் அழுதாள்.

"மன்னி, அம்மாவின் ஸ்கான் ரிப்போர்ட்டை அனுப்பினால் திருப்பியடிக்கிறீர்களே!"

எனக்கு வெலவெலத்துவிட்டது. நல்ல வேளை, அவளுக்குத் தகவலாவது போயிற்று! 'டிஸ்கார்ட்' என்று எழுதியிருந்தால் கடிதம் சத்தமில்லாமல் மாயமாகியிருக்கும். அவளும் அனுப்பியாயிற்று என்றே இருந்திருப்பாள்.

உடனே அவளுடைய முழு முகவரியை எழுதி 'ஓகே' போட்டேன். டொமைனுக்கு முன்பாக முழு முகவரியைத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் தேடிப் பார்க்கும். அன்று ராத்திரியே ரிப்போர்ட் வந்துவிட்டது.