விலை ஏறும் நாளில் பொன் வாங்குதல்

2025ஆம் ஆண்டில் நம்மவர் இல்லங்களில் பொன்னைப் பற்றிப் பேசிய அளவு வேறு எதனைப் பற்றியும் பேசியிருக்கமாட்டோம். ஆண்டின் தொடக்கத்தில் 57,000 ரூபாய் அளவில் நின்ற சவரன், அக்டோபர்த் திங்களில் 90,000 ரூபாயைக் கடந்தது. உலகச் சந்தையில் அவுன்சு 4,000 டாலரைத் தாண்டியதும் அத்திங்களில்தான். பின்னர், தீபாவளிக்கு மறுநாளாகிய 21ஆம் தேதியன்று, உலகச் சந்தையில் ஒரே நாளில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலும், ஜூலை 23 அன்று இறக்குமதித் தீர்வை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டவுடன், மாலைக்குள் விலை இறங்கிவிட்டது. காலையில் வாங்கியவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மாலையில் வாங்கியவர் தம் அறிவை வியந்துகொண்டார்.

சந்தை இவ்வாறு அலைமோதும்போது நம் கண்ணும் கருத்தும் விலைப் பலகையின்மீதே பதிந்துவிடுகின்றன. ஆனால், நாம் கண்டவரையில், ஏமாற்று நிகழ்வது விலைப் பலகையில் அன்று. அதன் இடங்கள் எடை, மாற்று, சீட்டு, ரசீது என்னும் இவையே. விலை ஓடுகிறதே என்று நாம் பதறும் பதற்றத்தில் இவற்றைப் பாராது விடுகிறோம். அப்பதற்றத்தை வளர்ப்பதே சில வணிகர்க்கு முதலும் ஆகிறது.

ஊரில் நம் பெற்றோர் இக்கவலையை அறியார். ஆசாரியார் வீடு நான்கு தெரு தள்ளி இருக்கும். குமுட்டி அடுப்பின் எதிரே நம் தாயார் அமர்ந்திருக்க, பழைய பொன்னை உருக்கி, தட்டி, கம்பியாய் இழுத்து, அவர் கண்ணெதிரிலேயே தோடோ தாலியோ செய்து தருவார். ஆசாரியார் ஒரு குன்றிமணியும் எடுத்ததில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. எவ்வளவு எடுப்பார் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த பெண்ணின் திருமணத்துக்கும் இதே வாயிற்படிக்குத்தான் வருவார்கள் என்பது அவருக்கும் தெரியும். மும்பையில் நமக்கும் கடைக்காரருக்கும் இடையே அத்தகைய கட்டு ஒன்றும் இல்லை. இன்று மாட்டுங்காவில் வாங்குவோம். நாளை வேலை மாற்றலாகித் தில்லிக்கோ நாகபுரிக்கோ போய்விடுவோம். அது கடைக்காரருக்கும் தெரியும்.

முதல் இடறல் அளவையிலேயே வருகிறது. நமக்குச் சவரன் என்றால் 8 கிராம். இந்நகரத்தில் விலையைப் 10 கிராமுக்குச் சொல்வர். சிலர் தோலா என்பர். பழைய முறைப்படி அது 11.66 கிராம்; இன்று பலர் வாயில் அது 10 கிராமே. இதனோடு காரட் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இங்கே நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் பெரிதாகச் சொல்லப்படும் விலை பெரும்பாலும் 24 காரட்டுக்கு உரியது. நாம் வாங்கும் நகையோ 22 காரட். 22 காரட் சவரன் 90,000 ரூபாய் என்று கொண்டால், 24 காரட் கணக்கில் அது 98,000 ரூபாய்க்கு மேல். இவ்விரண்டையும் மாற்றிப் போட்டால் சவரனுக்கு எண்ணாயிரம் ரூபாய் கைமாறுகிறது. எவரும் பொய் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. ஆதலின் கடையில் ஏறியவுடன் நாம் கேட்பது ஒரே வினா: "22 காரட், ஒரு கிராம், இன்று என்ன?" விடையை நாமே தாளில் குறித்துக்கொண்டு பெருக்கிப் பார்ப்பது வழக்கம். பெருக்கல் நமக்கு எளிதாக வரும் என்பதனால் அன்று. தாளையும் எழுதுகோலையும் கண்டால் எதிரிலிருப்பவரின் பேச்சு சற்றே நிதானப்படுகிறது.

அந்த அக்டோபரில் நமக்கும் பொன் வாங்கவேண்டிய கடமை வந்தது. தங்கையின் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். தாய்மாமன் சீராக ஐந்து சவரனில் சங்கிலி ஒன்று போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். தங்கையின் கணவர் இன்று இல்லை. அவள் உணவு சமைத்து அலுவலகங்களுக்கு அனுப்பிப் பெண்ணைப் படிக்க வைத்தவள். அச்சங்கிலியில் மாற்றுக் குறைந்தால் அது கடைக்காரரின் குறையாகப் புகுந்த வீட்டில் பேசப்படாது; தாய்மாமன் வீட்டின் குறையாகவே பேசப்படும்.

தெரிந்தவர் ஒருவர், நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே நகை வணிகம் செய்பவரிடம் அழைத்துச் சென்றார். தமிழ் கேட்டவுடனே பாதி மனம் இளகிவிடுகிறது. இதுவும் புலம்பெயர்ந்தோர்க்குரிய நோய்களில் ஒன்று போலும். காப்பி வந்தது. ஊர்ப் பெயர், கோயில் கொடை, மழை எல்லாம் விசாரித்து முடிந்தபின் சங்கிலியை எடுத்து வைத்தார். "அண்ணாச்சி, நாளன்றைக்கு தன்தேரஸ். வடக்கத்தியான் கூட்டம் வந்தால் இந்த விலை நிற்காது. பில் வேண்டாம் என்றால் வரி மூன்று விழுக்காடும் உங்களுக்கு மிச்சம். மதினியிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

மூன்று விழுக்காடு என்பது ஐந்து சவரனுக்குப் பதின்மூவாயிரம் ரூபாய்க்கு மேல். மிச்சம் என்னும் சொல் இனிமையானதுதான். ஆயினும் துணைவியார் ஒன்றும் பேசாமல் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். ஹால்மார்க் நகை விற்கும் கடையில் அக்கண்ணாடி இருத்தல் வேண்டும் என்பது விதி. கொக்கியின் அருகே முத்திரைகள் மூன்றும் இருந்தன: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22K916 என்னும் தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறெழுத்து எச்.யு.ஐ.டி. குறி. பார்த்தவரையில் பழுதில்லை. துணைவியார் தம் கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியைத் திறந்து அவ்வாறெழுத்தையும் இட்டார். குறி உண்மையானதே, முத்திரையிட்ட நிலையத்தின் பெயரும் தேதியும் வந்தன. ஆனால் பொருள் என்னும் இடத்தில் மோதிரம் என்றிருந்தது. நம் கையிலிருந்ததோ சங்கிலி.

"செயலி சில சமயம் தவறாய்க் காட்டும், மதினி" என்றார் கடைக்காரர். காப்பிக்கு நன்றி கூறி எழுந்துவிட்டோம். செயலியிலேயே முறையீட்டுக்கு இடமுண்டு. அன்றிரவே அதனையும் செய்தோம்.

அம்முத்திரையின் செய்தியைச் சிறிது விரித்துரைப்பது நலம். பொன்னுக்கு ஹால்மார்க் முறை 2000ஆம் ஆண்டிலேயே வந்தது. அப்போது அது விருப்பத்தைப் பொறுத்தது. 2021 ஜூன் முதல் பல மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் ஆறெழுத்துக் குறி புகுந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அக்குறியில்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்றல் ஆகாது என்றாயிற்று. ஒவ்வோர் உருப்படிக்கும் தனிக் குறி. ஒரு சோடித் தோட்டின் குறி மற்றொரு சோடிக்கு வராது. ஒரு நகையின் உண்மையான குறியைப் பார்த்து மற்றொன்றில் பொறிப்பது ஏமாற்றுவோர்க்கு எளிய வழியாதலின், குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அக்குறி எந்தப் பொருளுக்கு, எந்தத் தரத்துக்கு உரியது என்பதையும் பார்த்தல் வேண்டும். 916 என்பது 22 காரட், 750 என்பது 18, 585 என்பது 14. விலையேற்றத்தினால் 2025இல் 9 காரட்டுக்கும் 375 என்னும் தரக்குறி வந்துவிட்டது. அது குற்றமுள்ள பொருள் அன்று. 22 காரட்டின் விலைக்கு விற்றால்தான் குற்றம். கே.டி.எம். என்று இன்றும் சிலர் பெருமையாகச் சொல்வர். அது காட்மியம் கலந்த பற்றவைப்பைக் குறிக்கும் பழைய பேச்சு. தூய்மைக்கு அது சான்று ஆகாது.

ரசீது ஏன் வேண்டும் என்பதும் இங்கேதான் விளங்கும். ஹால்மார்க் பெற்ற நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த தரத்துக்கும் எடைக்கும் ஏற்பக் கணக்கிட்ட தொகையின் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் வாங்கியவர் பெறலாம் என்று 2018ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ரசீதின்றி அவ்வுரிமையை எந்தக் கையால் நீட்டுவது? அக்கடையிலிருந்தே வாங்கினோம் என்பதற்கு நம்மிடம் காப்பி குடித்த நினைவு மட்டுமே மிஞ்சும்.

முத்திரை தரத்துக்கே காவல். எடைக்கும் கூலிக்கும் நாமேதான் காவல். கல் பதித்த நகையில் இது பெரிது. 24 கிராம் எடையுள்ள ஆரத்தில் கற்கள் 3 கிராம் என்றால், பொன் 21 கிராமே. மொத்த எடைக்கும் பொன் விலை போட்டுவிட்டால், சவரன் 90,000 என்னும் கணக்கில், 33,750 ரூபாய்க்குக் கண்ணாடிக் கல் வாங்கியவர்களாகிறோம். ஆதலின் மொத்த எடை, கல்லின் எடை, பொன்னின் எடை மூன்றும் ரசீதில் தனித்தனியே எழுதப்படல் வேண்டும். இனி, செய்கூலியும் சேதாரமும் விழுக்காட்டில் போடப்படுவன. பொன் விலை ஏறினால் அவையும் தாமே ஏறுகின்றன. சங்கிலியை இழுத்த பொற்கொல்லர்க்கு அவ்வேற்றம் போய்ச் சேர்கிறதா என்பது வேறு கதை. சேதாரம் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதிய கடையில் செய்கூலியைப் பாருங்கள். செய்கூலி இல்லை என்ற கடையில் சேதாரத்தைப் பாருங்கள்.

மாதச் சீட்டு நம் பெண்டிர்க்கு மிகவும் உகந்தது. பதினொரு மாதம் கட்டி, பன்னிரண்டாம் மாதம் நகை எடுப்பது. பதினொன்று என்னும் எண் தற்செயலாக வந்ததன்று. ஒரு நிறுவனம் பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகத் தீர்க்காவிடின், சட்டப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். வைப்புத்தொகை வாங்க எல்லாக் கடைக்கும் இசைவு இல்லை. ஆகவே, இரண்டாண்டு, மூன்றாண்டு கட்டுங்கள், வங்கியைவிட மிகுதியாக வட்டி தருகிறோம் என்று நகைக்கடை சொல்லுமாயின், அங்கே நாம் பொன் வாங்கவில்லை, கடன் கொடுக்கிறோம். மும்பை, தாணே, புனே வட்டாரங்களில் கிளை பரப்பியிருந்த நகைக்கடை ஒன்று 2019 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்னர், திடீரெனக் கதவடைத்தது. சீட்டுக் கட்டியவர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூடிய கதவின் முன் நின்றார்கள். 2023 அக்டோபரில் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றொரு கடையும் அவ்வாறே ஆயிற்று.

கைப்பேசியில் பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வாங்கும் டிஜிட்டல் பொன்னைப் பற்றி இளைஞர் கேட்கிறார்கள். அத்தகைய பொன் தன் கண்காணிப்புக்கு உட்பட்டதன்று என்று செபி 2025 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. அதற்குமேல் நாம் கூற ஒன்றுமில்லை.

தெருவில் வரும் வஞ்சகம் வேறு வகை. பள்ளம் தோண்டும்போது கிடைத்த பொன்மணிகள் என்று ஏழைக் கோலத்தில் ஒருவர் வருவார். சோதித்துப் பார்க்க இரண்டு மணிகள் தருவார். அவ்விரண்டும் பொன்னே. மற்றவை பித்தளை. ஊர்க்காரர் என்று தேடி வந்து மெருகிட்டுத் தருவதாகச் சொல்பவரிடமும் கவனம் வேண்டும். நகை பளபளப்பாகத்தான் திரும்பி வரும், திராவகத்தில் கரைந்த பொன் அவருடைய கிண்ணத்தில் தங்கிவிடும்.

மருமகளின் சங்கிலியை, தீபாவளி கழிந்து விலை சற்றே தணிந்தபின், வேறொரு கடையில் ரசீதுடன் வாங்கினோம். குறியை இட்டபோது சங்கிலி என்றே வந்தது. விலை தணியாதிருந்தாலும் வாங்கியிருப்போம்.

இவ்விலையேற்றத்தில் புதிதாக ஒரு வஞ்சகமும் காதில் விழுந்தது. நம் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் முதிய அம்மையார் ஒருவர் தனியே வாழ்கிறார். ஊரிலே அவர் திருமணத்துக்கு ஆசாரியார் செய்த கெட்டி வளையல்கள் நான்கு அவரிடம் உண்டு, முத்திரை ஏது? "முத்திரையில்லாப் பொன் இனிச் செல்லாது, பாதி விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போக, அவர் இரண்டு நாள் உறங்கவில்லை. கட்டாய முத்திரை கடைக்காரர் விற்கும் நகைக்கே. வீட்டிலுள்ள பழைய நகையை வைத்திருக்கவும் விற்கவும் தடை ஒன்றும் இல்லை. துணைவியார் அவரை அமைவனத்தின் ஏற்புப் பெற்ற சோதனை நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். நான்கு உருப்படி வரையில் கட்டணம் 200 ரூபாய். அறிக்கையில் மாற்று 22 காரட்டுக்கு மயிரிழை குறைவாக இருந்தது. "சுப்பையா ஆசாரி சொன்னது சரிதான்" என்று அம்மையார் அத்தாளை நான்காக மடித்து, வளையல்களோடு சேர்த்துத் தம் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். விற்கும் எண்ணம் அவருக்கு முதலிலிருந்தே இல்லை என்று பின்னரே தெரிந்தது.